அத்தியாயம் 5: இன்றைக்கு எவ்வளவு ஏற்றுவது? பயிற்சி நோட்டு எழுதும் முறை

இந்த அத்தியாயத்தைப் படிப்பதற்கு முன் ஒரு சிறு சோதனை. போன வாரம் நீங்கள் செய்த பெஞ்ச் பிரஸ்ஸில் மூன்று செட்டுக்கும் எவ்வளவு எடை, எத்தனை கவுண்ட் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு செட்டுக்கும் எவ்வளவு நேரம் ஓய்வெடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பெரும்பாலானோருக்கு முதல் செட் மட்டும் நினைவிருக்கும். இரண்டாவதில் பத்தா எட்டா என்று குழம்பும். மூன்றாவது செட் அறவே மறந்திருக்கும். ஆனால் அடுத்த முறை எடையைக் கூட்டலாமா வேண்டாமா என்பதைச் சொல்வது அந்த மூன்றாவது செட்தான். நினைவை நம்பி ராடில் பிளேட் ஏற்றுகிறவர் ஒரு நாள் தேவைக்கு மேல் ஏற்றித் தோளைக் கெடுத்துக்கொள்வார். இல்லையென்றால் ஆறு மாதமாக அதே 40 கிலோவைத் தூக்கிக்கொண்டிருப்பார்.

நோட்டின் வேலை ஒன்றே ஒன்று. ராடின் முன்னால் நிற்கும்போது எழும் “இன்றைக்கு எவ்வளவு ஏற்றுவது?” என்ற கேள்விக்கு அது பதில் சொல்ல வேண்டும். இனி வரும் எல்லாமே அதற்காகத்தான். பதில் சொல்ல உதவாத எதையும் எழுத வேண்டாம்.

தேவையான அளவுக்குக் கொஞ்சம் கோட்பாடு. 1940களில் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயம்பட்ட வீரர்களின் தசைகளை எடைப் பயிற்சியால் தேற்றினார். ஒருவர் பத்து முறை மட்டுமே தூக்கக்கூடிய எடை எது என்று கண்டுபிடித்துக் குறித்துக்கொள்வார். வாரந்தோறும் மறுபடி அளந்து, அதற்கேற்ப எடையைக் கூட்டுவார். 1945இல் இந்த முறையைக் கட்டுரையாக வெளியிட்டார். 1948இல் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து அதை மூன்று செட்டாகச் சுருக்கினார். இன்று எல்லா ஜிம்மிலும் மாஸ்டர்கள் சொல்லும் “மூணு செட்டு, பத்து கவுண்ட்” இந்த வழியில் வந்ததுதான். செட்டையும் கவுண்டையும் பிடித்துக்கொண்ட நாம், அளந்து குறிப்பதை மட்டும் விட்டுவிட்டோம்.

நோட்டா, போனா?

என் தேர்வு நோட்டு. கோடு போட்ட நீள நோட்டு, 192 பக்கம். வாரம் நான்கு நாள் பயிற்சி செய்து ஒரு நாளைக்கு ஒரு பக்கம் எழுதினால் பதினோரு மாதம் வரும்.

- தேதி அச்சிட்ட டைரி வேண்டாம். போகாத நாட்கள் வெற்றுப் பக்கங்களாக நிற்கும், பழைய எண்ணைத் தேடிப் புரட்டுவது சிரமம்.
- ஜெல் பேனா வியர்வை பட்டால் கரைந்து ஓடும். பால் பாயிண்ட் பேனா அல்லது பென்சில் போதும்.
- நோட்டை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்ளுங்கள். கைத்துண்டோடு சேர்த்துப் பையில் திணித்தால் ஒரே வாரத்தில் ஊறிவிடும்.

போன்தான் வசதி என்பவர்கள் ஸ்ட்ராங், ஹெவி, ஃபிட்நோட்ஸ் போன்ற செயலிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். போன முறை தூக்கிய எடையைப் பக்கத்திலேயே காட்டுவதும் ஓய்வு நேரத்தை எண்ணுவதும் அவற்றின் பலம். கூகுள் ஷீட்ஸில் நீங்களே கட்டம் போட்டுக்கொள்வதும் நல்ல வழி. எதைத் தேர்ந்தாலும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. பயிற்சி நேரத்தில் போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தி இரண்டு நிமிட ஓய்வை ஏழு நிமிடமாக்கிவிடும். மாதம் ஒரு முறை உங்கள் பதிவுகளைக் கோப்பாக வெளியே எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். போன் உடைந்தாலும் பதிவு போகாது.

பாதி நோட்டில், பாதி போனில் என்று மட்டும் வேண்டாம். இரண்டிலும் தேடி இரண்டிலும் கிடைக்காமல் போகும்.

முதல் பக்கம்: உங்கள் ஜிம்மின் கருவிகள்

பயிற்சியை எழுதத் தொடங்கும் முன் இந்தப் பக்கத்தை முடித்துவிடுங்கள். பலரும் தாண்டிப்போகும் இடம் இதுதான். நானும் தாண்டிப்போயிருக்கிறேன்.

நான் முதலில் போன ஜிம்மில் ஒரு மெல்லிய ராடு இருந்தது. அதை 20 கிலோ என்றே எழுதி வந்தேன். ஸ்குவாட்டில் பக்கத்துக்கு 25 கிலோ ஏற்றி, மொத்தம் 70 என்று குறித்திருந்தேன். வேறு ஜிம்முக்கு மாறியபோது அங்கே இருந்தது போட்டிகளில் பயன்படுத்தும் பெரிய ராடு. அதிலும் பக்கத்துக்கு 25 ஏற்றி உட்கார்ந்தேன். மூன்றாவது கவுண்டில் எழ முடியவில்லை. கூண்டின் பாதுகாப்புக் கம்பிகள் ராடைத் தாங்கியதால் தப்பித்தேன். பிறகு பழைய ஜிம்முக்குப் போய் அந்த மெல்லிய ராடை எடை போட்டுப் பார்த்தால் 12 கிலோ. நான் 70 என்று எழுதியதெல்லாம் உண்மையில் 62.

ராடை எடை போடும் முறை:

1. ஜிம்மிலோ வீட்டிலோ இருக்கும் எடை பார்க்கும் மிஷினில் ஏறி நின்று உங்கள் எடையைக் குறியுங்கள்.
2. ராடை நடுவில் பிடித்துத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறுங்கள். பெரிய ராடு ஏழு அடிக்கு மேல் நீளமானது. திரும்பும்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
3. இரண்டாவது எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழியுங்கள். அதுதான் ராடின் எடை.
4. ஜிம்மில் இருக்கும் எல்லா ராடுக்கும், வளைந்த ராடு உட்பட, இப்படியே செய்து பெயர் கொடுத்து எழுதுங்கள்: “பெரிய ராடு 20, மெல்லிய ராடு 12, வளைவு ராடு 8.”

போட்டித் தரத்தில் ஆண்கள் ராடு 20 கிலோ, பெண்கள் ராடு 15 கிலோ. பெண்கள் ராடு சற்றுக் குட்டையாகவும் கைப்பிடி மெல்லியதாகவும் இருக்கும். போட்டி பிளேட்களுக்கு நிறம் உண்டு: சிவப்பு 25, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10. உள்ளூர் ஜிம்களில் எல்லா பிளேட்டும் கறுப்பாகவே இருக்கலாம். வார்ப்பு இரும்பு பிளேட்களில் பொறித்த எண்ணும் உண்மை எடையும் சற்று மாறுபடுவதும் உண்டு. சந்தேகம் வந்தால் அதையும் மிஷினில் வைத்துப் பாருங்கள்.

இதே பக்கத்தில் எழுத வேண்டிய மற்றவை:

- இயந்திரங்களில் உங்கள் இருக்கை எந்தத் துளையில் இருக்க வேண்டும்: “லெக் எக்ஸ்டென்ஷன் சீட் 4.”
- சாய்வு பெஞ்சின் துளை எண்.
- எடைக் கட்டிகளில் போட்டிருப்பது கிலோவா பவுண்டா. ஒரு கிலோ ஏறக்குறைய 2.2 பவுண்ட். 45 பவுண்ட் பிளேட் என்பது 20.4 கிலோ.
- ஜிம்மில் இருக்கும் மிகச் சிறிய பிளேட். 1.25 கிலோ ஜோடி இருந்தால் 2.5 கிலோ வீதம் கூட்டலாம். அது இல்லாவிட்டால் 5 கிலோ வீதம்தான் கூட்ட முடியும். உங்கள் திட்டமே அதனால் மாறும்.

கவனிக்க: கேபிள் இயந்திரங்களின் எண்ணை வேறு ஜிம்மின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். உள்ளே இருக்கும் கப்பிகளின் அமைப்பைப் பொறுத்து, 40 என்று போட்ட கட்டி கைக்கு 20 கிலோவாகவே வந்து சேரலாம். ஜிம் மாறினால் கேபிள் பயிற்சிகளுக்குப் புதிதாகக் கணக்குத் தொடங்குங்கள்.

ஒரு வரியை எழுதும் முறை

எடை முதலில், அதன் பிறகு ஒவ்வொரு செட்டின் கவுண்டும் காற்புள்ளி போட்டு. இந்த வரிசையை எப்போதும் மாற்ற வேண்டாம். 5 × 3 என்று எழுதினால் மூன்று மாதம் கழித்து அது ஐந்து செட்டா ஐந்து கவுண்டா என்று உங்களுக்கே தெரியாது. “40 × 12, 11, 10” என்று எழுதினால் குழப்பமே இல்லை: 40 கிலோவில் மூன்று செட்.

ஒரு முழுப் பக்கம் இப்படி இருக்கும்:

ஜூன் 17, திங்கள், மாலை 6.30. தூக்கம் 6 மணி நேரம்.

ஸ்குவாட், பெரிய ராடு
வா: 20 × 10, 40 × 5, 50 × 3
60 × 5, 5, 5. மிச்சம் 3, 2, 1. ஓய்வு 3 நிமிடம்

பெஞ்ச் பிரஸ், பெரிய ராடு
வா: 20 × 10, 30 × 5
40 × 12, 12, 12. மிச்சம் 2, 1, 0. ஓய்வு 2 நிமிடம்

சாய்வு டம்பெல் பிரஸ், துளை 2
12.5 × 10, 9, 9. மிச்சம் 1

புல் அப்
உடல் × 6, 5, 4+1

அடுத்த முறை: ஸ்குவாட் 62.5, பெஞ்ச் 42.5

இந்தப் பக்கத்துக்கான விதிகள் (“மிச்சம்” என்பதன் விளக்கம் அடுத்த பகுதியில்):

1. ராடு பயிற்சியில் மொத்த எடையை எழுதுங்கள், ராடையும் சேர்த்து. “பக்கத்துக்கு 10” என்று ஒரு நாளும் “40” என்று இன்னொரு நாளும் எழுத வேண்டாம்.
2. டம்பெல்லுக்கு ஒரு கையின் எடையை எழுதுங்கள். இரண்டு கைக்கும் கூட்டி எழுதுவதும் தவறல்ல, ஆனால் கலக்கக் கூடாது.
3. “வா” என்றால் வார்ம் அப். அதை எழுதுங்கள், ஆனால் செட் கணக்கில் சேர்க்காதீர்கள்.
4. “4+1” என்றால் நான்கு சொந்தமாக, ஒன்று சப்போர்ட்டில். பின்னால் நின்றவர் ராடில் விரல் வைத்திருந்தாலும் அந்தக் கவுண்ட் கூட்டல் குறிக்குப் பிறகுதான் வர வேண்டும்.
5. இடுப்பில் எடை கட்டிப் புல் அப் செய்தால் “உடல் + 5”. உதவி இயந்திரத்தில் செய்தால் “உடல் − 20”.
6. பயிற்சிகளைச் செய்த வரிசையிலேயே எழுதுங்கள். மாலையில் பெஞ்சுக்கு ஆள் நிற்பதால் முதலில் ஷோல்டர் பிரஸ் செய்துவிட்டுப் பெஞ்சுக்கு வந்தால் கவுண்ட் குறையும். வரிசை எழுதியிருந்தால்தான் காரணம் தெரியும்.

எது ஒரு கவுண்ட் என்பதையும் நோட்டின் இரண்டாம் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஸ்குவாட்டில் இடுப்பு மடிப்பு முழங்காலின் மேல்பகுதிக்குக் கீழே இறங்க வேண்டும். பெஞ்சில் ராடு மார்பைத் தொட வேண்டும். புல் அப்பில் கை முழுதும் நீண்டு, தாடை கம்பிக்கு மேல் வர வேண்டும். வாரத்துக்கு வாரம் ஆழத்தைக் குறைத்துக்கொண்டே போனால் நோட்டில் எடை ஏறும், உடம்பில் எதுவும் ஏறாது. மாதம் ஒரு முறை கடினமான செட்டைப் பக்கவாட்டில் இருந்து வீடியோ எடுத்துப் பாருங்கள்.

ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் பழகுகிறவர்களுக்குத் தனிமுறை தேவை. அங்கே கவுண்டைவிட முயற்சிதான் கணக்கு. போட்டியில் ஒவ்வொரு வகைக்கும் மூன்று முயற்சி. இரண்டிலும் தூக்கிய சிறந்த எடைகளைக் கூட்டுவார்கள். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ. பழகும்போது தவறவிட்ட முயற்சியையும் கட்டாயம் எழுதுங்கள், ராடு எந்தப் பக்கம் போனது என்பதோடு: “55 சரி, 60 தவறு, முன்னால் விழுந்தது, 60 தவறு, முன்னால், 57 சரி.” ஒரே பக்கமாக விழுவது தொடர்ந்தால் அது பலக் குறைவா நுட்பப் பிழையா என்று உங்கள் பயிற்சியாளர் அந்த வரிகளைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

“மிச்சம்” என்ற கட்டம்

என்னைக் கேட்டால், எடைக்கும் கவுண்டுக்கும் அடுத்தபடி முக்கியமான எண் இதுதான். செட் முடிந்ததும் உங்களையே கேளுங்கள்: “நல்ல முறையில் இன்னும் எத்தனை கவுண்ட் போட்டிருப்பேன்?” அந்த எண்தான் மிச்சம். இன்னும் இரண்டு போட்டிருக்கலாம் என்றால் மிச்சம் 2. கடைசிக் கவுண்டில் உயிரைக் கொடுத்து ஏற்றினீர்கள் என்றால் மிச்சம் 0.

60 கிலோ 5 கவுண்ட் இரண்டு வாரம் தொடர்ந்து வந்தது என்று வையுங்கள். முதல் வாரம் மிச்சம் 0, அடுத்த வாரம் மிச்சம் 2. மேலோட்டமாகப் பார்த்தால் முன்னேற்றம் இல்லை. உண்மையில் நன்றாகவே முன்னேறியிருக்கிறீர்கள்.

தொடக்கத்தில் எல்லோருடைய கணிப்பும் தவறும். பெரும்பாலும் மிச்சத்தைக் குறைவாகச் சொல்வோம். சரிபார்க்க ஒரு வழி: பாதுகாப்பான ஒரு இயந்திரப் பயிற்சியில், மாதம் ஒரு முறை, “மிச்சம் 2” என்று நினைக்கும் இடத்தில் நிறுத்தாமல் தொடருங்கள். நான்கு வந்தால் உங்கள் கணிப்பில் இரண்டு பிழை. ஸ்குவாட்டிலும் பெஞ்சிலும் தனியாக இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

எழுதும் வரிசை

1. கிளம்பும் முன், வீட்டில். போன முறை இதே பயிற்சி செய்த பக்கத்தைத் திறந்து, இன்றைய பக்கத்தில் இலக்கை எழுதுங்கள். இரண்டு நிமிட வேலை. ஜிம்மில் நின்று யோசித்தால் பக்கத்தில் இருப்பவர் தூக்கும் எடை உங்கள் இலக்கை மாற்றிவிடும்.
2. வார்ம் அப்பில். வெறும் ராடில் தொடங்கிப் படிப்படியாக ஏறுங்கள். 50 கிலோவே இன்று கனமாகத் தெரிந்தால் அதைக் குறித்து, இலக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.
3. ஒவ்வொரு செட் முடிந்தவுடன். ராடை அதன் இடத்தில் வைத்த கையோடு கவுண்டும் மிச்சமும். மூன்று செட்டையும் முடித்துவிட்டு எழுதலாம் என்று விடாதீர்கள். மூச்சு வாங்கும்போது எண்கள் மறக்கும்.
4. பயிற்சி முடிந்ததும். “அடுத்த முறை” வரி. உடம்பு இன்று என்ன சொன்னது என்பது பசுமையாக இருக்கும்போதே முடிவு எடுத்துவிடுங்கள்.

நோட்டைத் தரையில், ராடுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். டெட்லிஃப்ட் செய்யும்போது காலடியில் கிடக்கும் நோட்டும் தண்ணீர் பாட்டிலும் ஆபத்து. பெஞ்சின் கீழேயும் வேண்டாம். எழுந்திருக்கும் அவசரத்தில் கால் வழுக்கும்.

படிக்கும் முறை: எப்போது கூட்டுவது?

ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொடக்கநிலையில் இருப்பவருக்கு நான் சொல்வது இது. ஒரு கவுண்ட் எல்லையை வையுங்கள், 8 முதல் 12 வரை. மூன்று செட்டிலும் 12 வரும்வரை எடையைத் தொடாதீர்கள். வந்ததும் 2.5 கிலோ கூட்டுங்கள். கவுண்ட் குறையும். மறுபடி 12 நோக்கி ஏறுங்கள்.

நோட்டில் அது இப்படித் தெரியும்:

ஜூன் 3: 40 × 10, 9, 8
ஜூன் 7: 40 × 11, 10, 8
ஜூன் 10: 40 × 12, 11, 10
ஜூன் 14: 40 × 12, 12, 11
ஜூன் 17: 40 × 12, 12, 12
ஜூன் 21: 42.5 × 10, 9, 8

ஜூன் 21 அன்று ஜிம்மை விட்டு வெளியே வரும்போது மனம் சோர்ந்துபோகும். போன முறை பன்னிரண்டு போட்டவன் இன்று எட்டில் நின்றுவிட்டேனே என்று தோன்றும். பலர் மறுநாளே பழைய எடைக்குத் திரும்புவது இந்த இடத்தில்தான். நோட்டை மேலே பாருங்கள்: ஜூன் 3 அன்றும் இதே 10, 9, 8தான். அன்று 40இல், இன்று 42.5இல்.

டம்பெல்லில் இந்த விதி கொஞ்சம் பொறுமை கேட்கும். 10 கிலோவிலிருந்து 12.5க்குப் போவது கால் பங்கு கூடுதல். அதனால் எல்லையை 8 முதல் 15 வரை அகலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னேற்றம் நின்றால்:

1. ஒரு நாள் குறைந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். பக்கத்தின் மேல் வரியைப் பாருங்கள்: தூக்கம், இரவு ஷிப்ட், காய்ச்சல், பயணம்.
2. தொடர்ந்து மூன்று முறை ஒரு கவுண்ட்கூட ஏறவில்லை, மிச்சமும் 0 என்றால், எடையைப் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். 70 கிலோ என்றால் 63. பிளேட் வசதிக்கு 62.5. அங்கிருந்து மறுபடி ஏறுங்கள்.
3. எல்லாப் பயிற்சியும் ஒரே நேரத்தில் நின்றால் சாப்பாட்டையும் தூக்கத்தையும் சரிசெய்யுங்கள். ஒன்று மட்டும் நின்றால் அந்தப் பயிற்சியின் நுட்பத்தைப் பாருங்கள்.

சூழ்நிலைக் குறிப்புகளை ஒரு வார்த்தையில் முடியுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் தகரக் கூரை ஜிம்மில் மாலை நேரம் கவுண்ட் குறைவது இயல்பு. “வெக்கை” என்று எழுதினால் போதும். நோன்பு மாதத்தில் பயிற்சி இப்தாருக்கு முன்பா பின்பா என்று குறியுங்கள். பெண்கள் மாதவிடாய் தொடங்கிய தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்தால், மூன்று நான்கு மாதங்களில் தங்கள் உடம்புக்கு எந்த வாரம் கடினம், எந்த வாரம் எளிது என்று அவர்களுக்கே தெரியவரும். சிலருக்கு எந்த மாற்றமும் இருக்காது, அதுவும் தெரிய வேண்டிய செய்திதான்.

இரண்டு கணக்குகள் போதும்

முதலாவது, ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையின் மதிப்பீடு. எப்லி சூத்திரம் என்று இதற்குப் பெயர்:

கவுண்டை 30ஆல் வகுத்து, 1 கூட்டி, எடையால் பெருக்குங்கள்.

40 கிலோ 10 கவுண்ட் என்றால் 53.3. 42.5 கிலோ 10 கவுண்ட் என்றால் 56.7. எடையும் கவுண்டும் வெவ்வேறாக மாறும் நாட்களை ஒரே அளவுகோலில் ஒப்பிட இது உதவும். பத்துக் கவுண்டுக்கு மேல் போனால் மதிப்பீடு நம்பகமாக இருக்காது. இந்த எண்ணை உண்மையில் ராடில் ஏற்றிச் சோதிக்க வேண்டிய அவசியம் போட்டிக்குப் போகாதவருக்கு இல்லை.

இரண்டாவது, வாரத்தில் ஒவ்வொரு தசைக்கும் எத்தனை கடினமான செட். மிச்சம் 3 அல்லது அதற்குக் குறைவான செட்களை மட்டும் எண்ணுங்கள். மார்புக்குப் பதினாறு, முதுகுக்கு ஆறு என்று வந்தால் என்ன மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எடை, கவுண்ட், செட் மூன்றையும் பெருக்கி “இன்று மொத்தம் இத்தனை கிலோ தூக்கினேன்” என்று சில செயலிகள் காட்டும். அதன்பின் போகாதீர்கள். 60 கிலோ 5 கவுண்ட் 3 செட் 900 கிலோ. 40 கிலோ 15 கவுண்ட் 3 செட் 1800 கிலோ. இரண்டாவது நாள் இரு மடங்கு பலன் தந்தது என்று பொருளில்லை. இந்த எண்ணைத் துரத்துகிறவர்கள் எடையைக் குறைத்துக் கவுண்டைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

வலியை எழுதுங்கள்

தசை எரிவதும் மறுநாள் பிடித்துக்கொள்வதும் வேறு, மூட்டிலோ முதுகிலோ குத்தும் வலி வேறு. இரண்டாவது வகை வந்தால் நான்கு விவரம்: எந்த இடம், எந்தப் பக்கம், அசைவின் எந்த இடத்தில், பத்துக்கு எத்தனை. “வலது தோள் முன்புறம், ராடு மார்பைத் தொடும்போது, 4/10.” மறுநாள் காலை எழுந்ததும் அதே வரியின் கீழ் ஒரு எண்.

- மறுநாள் குறைந்தால் அந்தப் பயிற்சியில் எடையைக் குறைத்துத் தொடரலாம்.
- மறுநாள் கூடினாலோ, தொடர்ந்து மூன்று முறை அதே வரி வந்தாலோ, அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ பாருங்கள். நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். “கொஞ்ச நாளா வலிக்குது டாக்டர்” என்பதைவிட அந்தப் பக்கங்கள் அவருக்கு அதிகம் சொல்லும்.

உடனே நிறுத்த வேண்டியவை: நெஞ்சு வலி, தலைசுற்றல், கண் இருட்டுவது, முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் மரமரப்பு. கடும் பயிற்சிக்கு அடுத்த நாட்களில் சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அறிகுறி அது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கனமான எடைக்கு மூச்சை அடக்கித் தூக்கும் முன் மருத்துவரிடம் கேட்டு, அவர் சொன்ன எல்லையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

நோட்டு உங்களை அவசரப்படுத்தினால்

நோட்டு எழுதத் தொடங்கியவர்களுக்கு வரும் ஆபத்து ஒன்று உண்டு. பக்கத்தில் இலக்கு எழுதியாயிற்றே என்பதற்காகவே உடம்பு வேண்டாம் என்றாலும் ஏற்றிவிடுவார்கள். இதற்கு மூன்று கட்டுப்பாடுகள்:

1. எடை கூட்டும் நாளில், பெஞ்சிலும் ஸ்குவாட்டிலும், கூண்டின் பாதுகாப்புக் கம்பிகளைப் பொருத்திய பிறகே தொடங்குங்கள். வெறும் ராடோடு ஒரு முறை கீழே இறங்கிப் பார்த்து உயரத்தைச் சரிசெய்யுங்கள்.
2. கூண்டு இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். “அண்ணே, ஒரு செட்டு சப்போர்ட் குடுங்க. எட்டு கவுண்ட் போடப் போறேன், நின்னுட்டா மட்டும் பிடிங்க” என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுங்கள். எப்போது பிடிக்க வேண்டும் என்று தெரியாத துணை முதல் கவுண்டிலேயே தூக்கிவிடுவார்; உங்கள் நோட்டில் பொய்க் கணக்கு ஏறும்.
3. ஆளும் இல்லை, கூண்டும் இல்லை என்றால் அன்று பெஞ்ச் பிரஸ்ஸை டம்பெல்லுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நோட்டில் “ஆள் இல்லை” என்று எழுதுங்கள். இலக்கு அடுத்த முறைக்குப் போகட்டும்.

ஞாயிறு பத்து நிமிடம்

வாரத்தின் பக்கங்களைப் புரட்டி நான்கே கேள்விகள்: எது ஏறியது? எது மூன்று முறையாக நிற்கிறது? எந்த வலி திரும்ப வந்தது? எந்தத் தசை விடுபட்டது? பதில்களை அடுத்த வாரத்தின் முதல் பக்கத்தில் நான்கு வரியில் எழுதுங்கள்.

உடல் எடையைக் குறிப்பதென்றால் காலையில், கழிவறை போய் வந்த பிறகு, எதையும் சாப்பிடும் முன், ஒரே மிஷினில். ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்; முந்தின இரவு சாப்பிட்ட பிரியாணியின் உப்பே நீரைத் தேக்கி ஒரு கிலோ காட்டிவிடும். வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். இடுப்பளவை மாதம் இரு முறை தொப்புள் மட்டத்தில் நாடா வைத்து எடுத்தால் போதும்.

நோட்டு தீர்ந்ததும்

1. புது நோட்டின் முதல் பக்கத்தில் கருவிகளின் எடைப் பட்டியலைப் படி எடுங்கள். ஜிம்மில் புது ராடு வந்திருந்தால் மறுபடி எடை போடுங்கள்.
2. இரண்டாம் பக்கத்தில் ஒவ்வொரு பயிற்சியிலும் கடைசியாகத் தூக்கிய எடையும் கவுண்டும்.
3. மூன்றாம் பக்கத்தில், இன்னும் தீராத வலிகளும் எந்தப் பயிற்சி அதைக் கிளப்புகிறது என்பதும்.
4. பழைய நோட்டின் அட்டையில் தொடங்கிய தேதியையும் முடிந்த தேதியையும் பெரிதாக எழுதி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டு இடையில் இரண்டு மாதம் விட்டுப்போய்த் திரும்பி வரும்போது, எந்த எடையில் தொடங்குவது என்று அதைத்தான் திறந்து பார்ப்பீர்கள். அப்போது கடைசியாகத் தூக்கிய எடையில் பாதியை எடுத்துக்கொண்டு, முதல் வாரம் மிச்சம் 4க்குக் குறையாமல் செய்யுங்கள்.